பில்லி மெக்நீலின் நெற்றி

1965 ஏப்ரல் 24 அன்று, கிளாஸ்கோ நகரின் ஹேம்ப்டன் பார்க் மைதானத்தில் ஸ்காட்லாந்துக் கோப்பையின் இறுதிப் போட்டி முடிய ஏறத்தாழ ஒன்பது நிமிடங்கள் மீதம் இருந்தபோது, செல்டிக் அணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. டன்ஃபெர்ம்லின் அணி அன்று இரண்டு முறை முந்தியிருந்தது. இரண்டு முறையும் செல்டிக்கின் பெர்ட்டி ஆல்ட் கோல் அடித்துச் சமன் செய்திருந்தார். மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். சார்லி கல்லகர் பந்தை உயர்த்தி அடிக்க, பின்வரிசையிலிருந்து ஓடிவந்த நடுத் தடுப்பாட்டக்காரர் எல்லோருக்கும் மேலாக எழும்பி, நெற்றியால் முட்டி அதை வலைக்குள் அனுப்பினார். 1957க்குப் பிறகு பெரிய கோப்பை எதையும் வெல்லாதிருந்த செல்டிக், 3-2 என்று வென்றது. அந்த ஆட்டக்காரர் பில்லி மெக்நீல், அப்போது அவருக்கு வயது 25, அணித்தலைவரும் அவரே.

செல்டிக்கின் வரலாற்றை எழுதுவோர் பலரும் 1967இல் லிஸ்பனில் வென்ற ஐரோப்பியக் கோப்பையைத்தான் நடுவில் வைப்பார்கள். என் கணக்கில் எல்லாம் இந்த ஹெடரிலிருந்துதான் தொடங்குகிறது. மெக்நீலைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்து வந்ததற்கும் அதுவே காரணம். அவர் கோப்பையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்த புகைப்படம் உலகம் அறிந்தது. அந்தக் கோப்பை வரை அணியைக் கொண்டுவந்த வேலையில் பெரும்பங்கு அந்தத் தலையாலேயே செய்யப்பட்டது என்பதும், அந்த வேலைக்கு ஒரு விலை இருந்திருக்கலாம் என்பதும் அதே வாழ்க்கையின் பகுதிகள். இவற்றைத் தனித்தனியே பேசுவது அந்த மனிதரைப் பாதியாக நினைவுகூர்வதாகும் என்று நான் கருதுகிறேன்.

மெக்நீல் 1940 மார்ச் 2 அன்று லனார்க்ஷயர் பகுதியில் உள்ள பெல்ஸ்ஹில்லில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பாலைகளும் சூழ்ந்த ஊர் அது. மான்செஸ்டர் யுனைடெட்டைக் கட்டியெழுப்பிய மேட் பஸ்பியும் அந்த ஊர்க்காரரே. பெல்ஸ்ஹில்லுக்கு லித்துவேனியாவிலிருந்து சுரங்க வேலைக்காகக் குடியேறியோர் பலர். மெக்நீலின் தாய்வழி முன்னோர் அவர்களுள் அடங்குவர். தந்தை ராணுவத்தில் இருந்ததால் குடும்பம் சில காலம் இங்கிலாந்தின் ஹெரஃபோர்டில் வாழ்ந்தது. பிறகு மதர்வெல்லில் பள்ளிப் படிப்பு, பிளான்டைர் விக்டோரியா என்ற ஜூனியர் கிளப்பில் ஆட்டம், 1957இல் செல்டிக். ஸ்காட்லாந்தில் ஜூனியர் கால்பந்து என்பது சிறுவர் ஆட்டம் அன்று; முழு வளர்ச்சியடைந்த ஆண்கள், பெரும்பாலும் உடலுழைப்புத் தொழிலாளர்கள், முரட்டுத்தனமாக மோதும் களம் அது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் அங்கே காற்றில் வரும் பந்துக்காக எழும்பக் கற்றுக்கொண்டால், அதன் பிறகு எங்கு போனாலும் அஞ்ச மாட்டான்.

செல்டிக்கின் இரண்டாம் அணிக்கு அப்போது பயிற்சியளித்தவர் ஜாக் ஸ்டீன். அவரும் லனார்க்ஷயர்க்காரர், சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர், செல்டிக்கில் நடுத் தடுப்பாட்டக்காரராகவே ஆடிக் கணுக்கால் காயத்தால் ஓய்வு பெற்றவர். மெக்நீலுக்கு இதைவிடப் பொருத்தமான ஆசான் கிடைத்திருக்க முடியாது. 1958 ஆகஸ்டில், மூத்த ஆட்டக்காரர் பாபி எவன்ஸ் காயமுற்றிருந்த நேரத்தில், கிளைட் அணிக்கு எதிராக மெக்நீல் முதல் அணியில் இடம்பெற்றார். 1960இல் ஸ்டீன் மேலாளராக டன்ஃபெர்ம்லினுக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டே அவருடைய டன்ஃபெர்ம்லின், ஸ்காட்லாந்துக் கோப்பையின் இறுதியில் செல்டிக்கைத் தோற்கடித்தது. தோற்ற அணியில் மெக்நீல் இருந்தார். அதே 1961இல்தான் அவருக்குத் தேசிய அணியில் முதல் வாய்ப்பும் கிடைத்தது. ஏப்ரல் 15 அன்று வெம்பிளியில் நடந்த அந்த ஆட்டத்தில் இங்கிலாந்து 9-3 என்ற கணக்கில் ஸ்காட்லாந்தை நொறுக்கியது. முதல் சர்வதேச ஆட்டத்திலேயே ஒன்பது கோல்களைக் கண்ட ஒரு நடுத் தடுப்பாட்டக்காரர், அதன் பிறகும் 29 முறை என்ற எண்ணிக்கை நிறையும் வரை நாட்டுக்காக அழைக்கப்பட்டார் என்பதே அவர் எத்தகையவர் என்பதைச் சொல்லும்.

1960களின் தொடக்க ஆண்டுகள் செல்டிக்குக்கு வறட்சிக் காலம். திறமையான இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களை ஓர் அணியாக்கும் கை இல்லை. யாரை ஆடவைப்பது என்பதில் கிளப்பின் தலைவரே தலையிடும் நிலை இருந்தது. மெக்நீல் வேறிடம் போய்விடுவார் என்ற பேச்சும் எழுந்தது. 1965 மார்ச்சில் ஸ்டீன் மேலாளராகத் திரும்பி வந்தார். அவர் வந்து ஏழு வாரங்கள் ஆவதற்குள் நடந்ததுதான் மேலே சொன்ன இறுதிப் போட்டி. எதிரே நின்றது ஸ்டீனின் பழைய டன்ஃபெர்ம்லின். ஸ்காட்லாந்தின் கால்பந்து எழுத்தாளர்கள் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை அந்த ஆண்டுதான் தொடங்கினார்கள். முதல் விருது மெக்நீலுக்கே போனது.

அவருடைய ஆட்டத்தைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தடுப்பாட்டக்காரரின் கலை கோல் பட்டியலில் பதிவாவதில்லை. அக்கால ஆட்டத்தில் கோல்காப்பாளர் உதைக்கும் நீண்ட பந்து, விங்கர்கள் ஓரங்களிலிருந்து தூக்கிப் போடும் பந்து, ஃப்ரீ கிக், கார்னர் ஆகிய அனைத்தும் வானத்திலிருந்து இறங்குபவை. அவை இறங்கும் இடத்தில் எதிரணியின் சென்டர் ஃபார்வர்டு தோளால் இடித்துக்கொண்டு நிற்பார். ஆறடிக்கு மேல் உயரமான மெக்நீல் வெறும் உயரத்தை நம்பியவரல்லர். பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களைப் பார்க்கும்போது என்னை வியக்கவைப்பது, பந்து உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கும் முன்பே அவர் ஓட்டத்தைத் தொடங்கிவிடுவதுதான். எதிராளி நின்ற இடத்திலிருந்து குதிப்பார். மெக்நீல் ஓடிவந்து எழும்புவார். அந்த ஓரிரு எட்டுகளின் வேகம் அவரை இன்னும் உயர்த்தும். கழுத்தையும் தோளையும் இறுக்கி, கண்ணை மூடாமல், நெற்றியின் மேட்டில் பந்தை வாங்கி, வந்த திசையிலேயே தொலைதூரத்துக்குத் திருப்பி அனுப்புவார். அவருக்குப் பக்கத்தில் ஜான் கிளார்க் நிற்பார். காற்றில் வருவது மெக்நீலுக்கு, தப்பித் தரையில் விழுவது கிளார்க்குக்கு என்ற இந்தப் பங்கீட்டின் மேல்தான் அந்த அணியின் முன்னேறித் தாக்கும் ஆட்டம் முழுவதும் நின்றது. பின்னால் இந்த இருவர் இருக்கிறார்கள் என்ற துணிவில்தான் பக்கவாட்டுத் தடுப்பாட்டக்காரர்களான ஜிம் கிரெய்கும் டாமி கெமலும் எதிரணியின் எல்லை வரை ஏறிப் போனார்கள்.

அந்தத் தலை எதிரணியின் கோல் முன்னும் வேலை செய்தது. நடுத் தடுப்பாட்டக்காரர் கார்னருக்காக முன்னே போவது அந்நாளில் இன்றுபோல் எல்லோரும் செய்கிற காரியமாக இருக்கவில்லை. மெக்நீல் போனார், பெரிய ஆட்டங்களில் போய்க் கோலும் அடித்தார். 1965 மட்டுமன்று, ரேஞ்சர்ஸை 4-0 என்று வென்ற 1969 இறுதியிலும், ஹிபெர்னியனை 6-1 என்று வென்ற 1972 இறுதியிலும் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் முதல் கோல் அவருடையது. ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது 1967 மார்ச் 8 அன்று விழுந்தது. ஐரோப்பியக் கோப்பையின் காலிறுதியில், யூகோஸ்லாவியாவின் வொய்வொதினா அணி முதல் ஆட்டத்தை 1-0 என்று வென்றிருந்தது. கிளாஸ்கோவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் ஸ்டீவி சால்மர்ஸ் ஒரு கோல் அடித்துக் கணக்கைச் சமன் செய்தார். கடைசி நிமிடத்தில் செல்டிக்குக்குக் கார்னர். அடித்தவர் மீண்டும் அதே சார்லி கல்லகர். எழும்பியவர் மீண்டும் மெக்நீல். அந்தப் பந்து வெளியே போயிருந்தால் லிஸ்பன் இல்லை.

லிஸ்பனைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1967 மே 25, தேசிய விளையாட்டரங்கு. எதிரே, 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கோப்பையை வென்றிருந்த இன்டர் மிலான். அதன் பயிற்சியாளர் எலேனியோ எரேரா. கதவைத் தாழிட்டதுபோல் தடுப்பைப் பூட்டிவைக்கும் அவருடைய ஆட்ட முறை ஐரோப்பா முழுவதும் அஞ்சப்பட்டது. ஏழாம் நிமிடத்தில் இன்டரின் மஸ்ஸோலா பெனால்டியில் கோல் அடித்தார். அதன் பிறகு இன்டர் பின்வாங்கி நிற்க, செல்டிக் அலையலையாகத் தாக்கியது. 63ஆம் நிமிடத்தில் கெமல், ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது சால்மர்ஸ், 2-1. பிரிட்டனிலிருந்து அந்தக் கோப்பையை வென்ற முதல் அணி அதுவே. களமிறங்கிய பதினொருவரும் செல்டிக் மைதானத்திலிருந்து ஏறத்தாழ 30 மைல் சுற்றளவுக்குள் பிறந்தவர்கள். இன்று உலகெங்கிலும் இருந்து ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கிச் சேர்க்கும் காலத்தில் இதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் நெகிழ்கிறது.

ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் களத்துக்குள் பாய்ந்துவிட்டதால் அணியினர் சேர்ந்து கோப்பையைப் பெற இயலவில்லை. மெக்நீல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அந்தப் புகைப்படத்தில் அவர் தனியாக நிற்பதற்குக் காரணம் இதுதான். தோழர்கள் உடைமாற்றும் அறையில் இருந்தார்கள். அணி முழுவதும் சேர்ந்து ஈட்டியதை ஒருவர் மட்டும் பெற்றுக்கொள்ள நேர்ந்தது முறையன்று என்று எனக்குத் தோன்றினாலும், அப்படி ஒருவர் போக வேண்டியிருந்தால் அவரே போயிருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

தடுப்பாட்டக்காரரின் வாழ்க்கையில் ஒரு கொடுமை உண்டு. அவர் நூறு பந்துகளை முட்டி அனுப்பியதை யாரும் எண்ணுவதில்லை. விட்ட ஒரு பந்து வரலாற்றில் நிற்கும். 1970 மே 6 அன்று மிலானின் சான் சிரோ மைதானத்தில் செல்டிக் மீண்டும் ஐரோப்பியக் கோப்பை இறுதியில் ஆடியது. நெதர்லாந்தின் ஃபெயனோர்டு அணிக்கு எதிரான அந்த ஆட்டம் 1-1 என்று கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. அது முடியச் சில நிமிடங்கள் இருக்கையில், உயரத்தில் வந்த ஒரு பந்தைக் கணிப்பதில் பின்னே சரிந்த மெக்நீல் தடுமாறிக் கையால் தொட்டார். நடுவர் ஆட்டத்தை நிறுத்தாமல் விட, ஓவ கிண்ட்வால் அதை வாங்கிக் கோலுக்குள் அனுப்பினார். காற்றில் வந்த பந்தே அவரை உயர்த்தியது. காற்றில் வந்த பந்தே அந்த இரவில் அவரை வீழ்த்தியது. அன்று செல்டிக் முழுவதுமே ஃபெயனோர்டை விடக் குறைவாக ஆடியது என்பதே என் கருத்து. தோல்வியை ஒருவர் மேல் சுமத்துவது நியாயமில்லை.

உள்நாட்டிலோ அவர்களுக்கு ஈடு இல்லை. 1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது லீக் பட்டங்கள். மெக்நீல் பங்கேற்ற ஏழு ஸ்காட்லாந்துக் கோப்பைகள். ஆறு லீக் கோப்பைகள். 1975 மே மாதம் ஏர்ட்ரி அணியை 3-1 என்று வென்ற கோப்பை இறுதியோடு அவர் ஓய்வு பெற்றார். செல்டிக்குக்காக அவர் ஆடிய போட்டிகள் 790. கிளப்பில் வேறெவரும் எட்டாத எண்ணிக்கை அது. அவற்றில் ஒன்றில்கூட அவர் பாதியில் மாற்றப்பட்டதில்லை என்று செல்டிக் ஆதரவாளர்கள் பெருமையோடு சொல்வார்கள். இந்த 790 என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பின்னால் அது வேறு பொருளோடு வரும்.

மேலாளராக அவர் செய்தவை தனிக் கட்டுரைக்கு உரியவை. கிளைடில் சில வாரங்கள், அபர்டீனில் ஒரே பருவம். அங்கே லீக்கிலும் கோப்பையிலும் இரண்டாம் இடம் பெற்றுத் தந்து அவர் விட்டுச்சென்ற நாற்காலியில் அமர்ந்தவர் அலெக்ஸ் ஃபெர்குசன். 1978இல் ஸ்டீனுக்குப் பின் செல்டிக் மேலாளரானார். முதல் பருவத்தின் கடைசி ஆட்டத்தில், பத்துப் பேராகக் குறைந்த நிலையிலும் ரேஞ்சர்ஸை 4-2 என்று வென்று பட்டத்தைப் பெற்றார்கள். 1983இல் நிர்வாகத்தோடு ஏற்பட்ட மனக்கசப்பால் விலகி மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். அந்த அணியை முதல் பிரிவுக்கு உயர்த்தினார். அடுத்துப் பொறுப்பேற்ற ஆஸ்டன் வில்லா கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. 1987இல் செல்டிக் அவரை மீண்டும் அழைத்தது. கிளப்பின் நூற்றாண்டான 1988இல் லீக், கோப்பை இரண்டையும் வென்று கொடுத்தார். 1991இல் பணியிலிருந்து நீக்கப்பட்டார். 1957இல் தொடங்கிய உறவை இப்படி முடித்துவைக்கும் மனம் கால்பந்து நிர்வாகிகளுக்கு எளிதில் வந்துவிடுகிறது.

2015 டிசம்பரில் செல்டிக் மைதானத்துக்குச் செல்லும் வழியில் அவர் சிலை திறக்கப்பட்டது. கோப்பையை உயர்த்திய அதே கோலம். 2017 பிப்ரவரியில், லிஸ்பன் வெற்றியின் பொன்விழா நெருங்கிய வேளையில், அவர் சில ஆண்டுகளாக டிமென்ஷியா என்னும் மறதிநோயால் பாதிக்கப்பட்டிருப்பதையும், பேச்சுப் பெரிதும் குறைந்துவிட்டதையும் குடும்பத்தினர் வெளியிட்டனர். 2019 ஏப்ரல் 22 அன்று, 79ஆம் வயதில் மெக்நீல் காலமானார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 29 அன்று, லிஸ்பனில் வெற்றிக் கோலை அடித்த ஸ்டீவி சால்மர்ஸும் இறந்தார். அவருக்கும் டிமென்ஷியா இருந்தது. இந்த இரு மரணங்களுக்கும் நடுவே, ஏப்ரல் 27 அன்று கில்மார்னக்குக்கு எதிரான ஆட்டத்தில், மெக்நீல் அணிந்த அதே ஐந்தாம் எண்ணுடன் ஆடிய நடுத் தடுப்பாட்டக்காரர் யோசோ ஷிமுனொவிச், 67ஆம் நிமிடத்தில் தலையால் முட்டி வெற்றிக் கோல் அடித்தார். லிஸ்பன் ஆண்டும் 67. அரங்கில் இருந்தவர்கள் அழுதார்கள். அந்தப் பதிவைப் பார்த்த எனக்கும் கண் கலங்கியது.

மெக்நீலுக்கு வந்த நோய்க்கு ஹெடர்தான் காரணம் என்று நான் எழுதப் போவதில்லை. ஒரு தனிமனிதரின் மறதிநோய்க்கு இதுவே காரணம் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல இயலாது. ஆனால் அவர் இறந்து ஆறு மாதங்களில், அவர் ஆடிய நகரத்திலிருந்தே ஓர் ஆய்வு வந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் நரம்பியல் நோய்க்குறியியலாளர் வில்லி ஸ்டூவர்ட் தலைமையில், ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரின் மருத்துவ ஆவணங்கள், அதே வயதும் அதே வாழ்நிலைப் பின்னணியும் கொண்ட ஏறத்தாழ 23,000 பொதுமக்களின் ஆவணங்களோடு ஒப்பிடப்பட்டன. மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு ஆட்டக்காரர்களிடம் மூன்றரை மடங்கு அதிகம் என்று தெரிந்தது. நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: எழுபது வயதுக்கு முன் இதயநோயால் இறப்பது அவர்களிடம் குறைவாக இருந்தது, நுரையீரல் புற்றுநோயும் குறைவு. ஓடியாடிய உடல் அவர்களைக் காத்தது. மூளைதான் தனியே பழுதுபட்டது.

2021இல் வந்த அடுத்த ஆய்வு ஆட்டக்காரர் எந்த இடத்தில் ஆடினார் என்று பிரித்துப் பார்த்தது. கோல்காப்பாளர்களின் ஆபத்து பொதுமக்களின் அளவிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. தடுப்பாட்டக்காரர்களுக்கோ அது ஏறத்தாழ ஐந்து மடங்கு. நீண்ட காலம், அதாவது பதினைந்து ஆண்டுகளுக்கு மேல், தொழில்முறையில் ஆடியவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு. இங்கேதான் அந்த 790 என்ற எண் என்னை உறுத்துகிறது. பதினேழு பருவங்கள், நடுத் தடுப்பு. எண்ணிப் பாராத பயிற்சி நாட்கள். ஆய்வு ஆவணங்களின் எண்களுக்குள் ஒரு முகத்தைத் தேடினால் எனக்குத் தெரிவது அவர் முகம்.

அந்நாளைய தோல்பந்து மழையில் நனைந்து கனத்ததுதான் காரணம், இன்றைய பந்து நீரை உறிஞ்சாது, ஆகவே கவலையில்லை என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. அதை நம்புவதற்கு எனக்கும் ஆசைதான். ஆனால் 1910களில் பிறந்தவர் முதல் 1960களில் பிறந்தவர் வரை, தலைமுறைகளுக்கிடையே ஆபத்து குறைந்ததற்கான அறிகுறி எதையும் அந்த ஆய்வு காணவில்லை. உலர்ந்த பந்தின் எடை அன்றும் இன்றும் ஒன்றே. இன்றைய பந்து வேகமாக வருகிறது.

ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கம் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 2020இல், பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயிற்சியில் தலையால் முட்ட வைக்கக் கூடாது என்று வழிகாட்டியது. 2022 நவம்பரில் தொழில்முறை அணிகளுக்கும் விதித்தது: போட்டிக்கு முந்தின நாளும் மறுநாளும் ஹெடர் பயிற்சி கூடாது; திரும்பத் திரும்ப முட்டும் பயிற்சி வாரத்தில் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். தலை வாங்கும் அடிகளில் பெரும்பகுதி போட்டியில் அல்ல, பயிற்சி மைதானத்தில்தான் சேர்கிறது என்பதால், இது சரியான இடத்தில் வைக்கப்பட்ட கட்டுப்பாடு என்றே நான் கருதுகிறேன். ஹெடரே இல்லாத கால்பந்தை நான் கேட்கவில்லை. கல்லகரின் கார்னரும் மெக்நீலின் எழும்பலும் இல்லாத ஆட்டத்தை விரும்பியிருந்தால் இந்தக் கட்டுரையையே எழுதியிருக்க மாட்டேன்.

நான் கேட்பது வேறு. புதிய விதிகள் இனி வருகிறவர்களுக்கானவை. 1950களிலும் 60களிலும் சிறு சம்பளத்துக்கு ஆடி, இப்போது எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கும் தடுப்பாட்டக்காரர்களைப் பராமரிப்பது பெரும்பாலும் மனைவியரும் பிள்ளைகளுமே. இங்கிலாந்தில், 2002இல் 59 வயதில் இறந்த முன்னாள் ஆட்டக்காரர் ஜெஃப் ஆஸ்லின் மரணத்தை விசாரித்த அதிகாரி, அது தொழிலால் வந்த நோய் என்றே பதிவு செய்தார். அப்படி ஒரு பதிவு இருந்தும், மறதிநோய் கண்ட முன்னாள் ஆட்டக்காரர்களைத் தொழிலால் நோயுற்றவர்களாக ஏற்று உதவித்தொகையும் பராமரிப்பும் வழங்க வேண்டும் என்று குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாதாட வேண்டியிருக்கிறது. மெக்நீலுக்கு வெண்கலச் சிலை வைக்கக் கிளப்புக்கு இயன்றது. அவரைப் போலவே கார்னர் தோறும் எழும்பி, சிலையோ பெயரோ இல்லாமல் கீழ்ப் பிரிவு அணிகளில் ஆடி முடித்தவர்களுடைய வீட்டுக்கு மாதந்தோறும் ஒரு செவிலியரை அனுப்பும் பொறுப்பு, இன்று பெரும்பணம் புரளும் இந்த விளையாட்டின் சங்கங்களுக்கும் கிளப்புகளுக்கும் உண்டு.